அந்தக் கேள்வி நமக்கில்லையா?

மீலாது மேடைகளில் ஒரு சொற்பொழிவு ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்கிறது. அறியாமைக் கால அரபியருள் சிலர், பெற்ற பெண் மகவை உயிருடன் மணலில் புதைத்த கொடுமையைச் சொற்பொழிவாளர் உருக்கமாக எடுத்துரைப்பார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோன்றி அக்கொடுமையை வேரறுத்த வரலாற்றை விளக்குவார். கூட்டம் கண் கலங்கும். பின்னர்ப் பெருமிதத்தோடு கலைந்து செல்லும். சொல்லப்பட்ட வரலாறு உண்மையானது; அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருமிதத்துக்கு நாம் உரியவர்கள்தாமா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என மறுமையில் கேட்கப்படும் என்று 81ஆம் அத்தியாயமான ‘தக்வீர்’ எச்சரிக்கிறது. மேடைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. 16ஆம் அத்தியாயமான ‘நஹ்ல்’ இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. பெண் பிறந்த செய்தி கேட்டு ஒருவனின் முகம் கறுத்துப் போவதையும், அவன் ஊரார் கண்ணில் படாமல் ஒளிவதையும், இழிவோடு அவளை வைத்துக்கொள்வதா, மண்ணில் புதைப்பதா என்று தடுமாறுவதையும் அது காட்டுகிறது. புதைக்கும் கையை மட்டும் திருமறை கண்டிக்கவில்லை. கறுத்த முகத்தையும் கண்டிக்கிறது. இழிவோடு வளர்ப்பதையும் புதைப்பதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுகிறது.

இப்போது நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களுக்கு வருவோம். இரண்டாவதும் பெண் என்று செவிலி வந்து சொல்கிறார். உடனே அங்கே நிற்கும் மூத்தவர்கள், “பரவாயில்லை, அல்லாஹ் கொடுத்தது” என்கிறார்கள். ஆண் பிறந்த இடத்தில் எவரும் ‘பரவாயில்லை’ என்று சொன்னதுண்டா? ஆறுதல் சொல்லப்படுவது இழப்புக்குத்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அக்குழந்தையின் வரவு நம் நாவினாலேயே இழப்புக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ‘அல்லாஹ் கொடுத்தது’ என்ற நன்றிச் சொல் அங்கே சலிப்புச் சொல்லாகிவிடுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் அனைவரும் சிறு வயதிலேயே இறந்தனர். ஆண் வாரிசற்றதைச் சுட்டி, சந்ததியற்றவர் என்று மக்கத்துப் பகைவர்கள் ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்துக்கு மறுமொழியாக வந்தது ‘கவ்ஸர்’ என்னும் சின்னஞ்சிறு அத்தியாயம். அண்ணலாரின் வழித்தோன்றல் அருமை மகள் பாத்திமா (ரலி) அவர்கள் வழியே நிலைத்தது. மகன் இல்லாத வீட்டைப் பார்த்து ‘பேர் சொல்ல ஆளில்லை’ என்று பரிதாபப்படுகிறவர், தாம் யாருடைய குரலை எதிரொலிக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“நம்மவர் சிசுக்கொலை செய்வதில்லையே” என்று சிலர் வாதிடுவர். நாட்டின் கணக்கு நம்மை அவ்வளவு எளிதில் நிம்மதியடைய விடாது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1961இல் 976 ஆக இருந்தனர். 2001இல் 927, 2011இல் 918. கருவிலேயே பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் சரிவு நிற்கவில்லை. தமிழகத்தில் கைவிடப்படும் பெண் சிசுக்களுக்காக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. இந்நாட்டில் வாழும் நாம் இக்கணக்குக்கு வெளியே நிற்கவில்லை. மேலும், பிறக்காமற் போன பெண்களை இக்கணக்கு ஓரளவு காட்டுகிறது. பிறந்தும் குறைக்கப்பட்ட பெண்களை எந்தக் கணக்கு காட்டும்?

நம்மிடையே பெண் ஏன் பாரமானாள்? மார்க்கம் விதித்தது மஹர். மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது. நாம் வழக்கமாக்கிக் கொண்டதோ கைக்கூலி. மணமகள் வீட்டார் மணமகனுக்குக் கொடுப்பது. கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறியதும் பெண்ணின் மதிப்பும் தலைகீழாயிற்று. பெயருக்கொரு சிறு தொகையை மஹராகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதைப்போல் பல மடங்கைத் திரைமறைவில் பெற்றுக்கொள்ளும் திருமணத்துக்கும் நாம் கையுயர்த்தி துஆச் செய்கிறோம். ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்ற பழமொழி நம் வீடுகளிலும் வழங்குகிறது. அரசனை ஆண்டியாக்கியது பெண்ணன்று. அவளுக்கு விலை கேட்டவனே ஆக்கினான்.

சொத்துரிமையிலும் இதே கதைதான். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், வழக்கங்களைத் தள்ளி மார்க்கச் சட்டத்தை வாரிசுரிமையில் நிலைநாட்டியது. அதில் விலக்கப்பட்டிருந்த விளைநிலமும் 1949இல் சென்னை மாகாணத் திருத்தத்தால் உள்ளடங்கியது. மகனுக்கு இரு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. குடும்பத்தைப் பேணும் பொருட்செலவு ஆண்மீது சுமத்தப்பட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று அறிஞர்கள் விளக்குவர். நாம் இந்த விளக்கத்தை மட்டும் உரக்கச் சொல்கிறோம். அந்த ஒரு பங்கையும் கொடுப்பதில்லை. “அவளுக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே” என்று கூறி உடன்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். மார்க்கம் தடுத்த வழியில் கொடுத்ததைக் காட்டி, மார்க்கம் விதித்த பங்கை மறுப்பது எந்த நீதி?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்துத் தாய்வீட்டருகிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கமுண்டு. அவளுக்கு அது பாதுகாப்புத் தருகிறது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் அந்த வீடு மணமகனைப் பெறுவதற்கான நிபந்தனையாகும்போது, அதுவும் கைக்கூலியின் மற்றொரு வடிவமாகிவிடுகிறது.

கல்வியைப் பற்றி இரண்டு எழுத்தாளர்களே சாட்சி சொல்லட்டும். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன நிலையிலும் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையரே அதற்கு மதிப்புரை வழங்கினார். துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது 2004இல். அவருடைய பள்ளிப் படிப்பும் பதின்மூன்றாம் வயதில் நிறுத்தப்பட்டதே. இருவருக்குமிடையே அறுபத்தாறு ஆண்டுகள். ஆனால் பள்ளிக்கூட வாசல் ஒரே விதமாகத்தான் அடைக்கப்பட்டது. சல்மாவின் நாவலில் நம் வீடுகளின் உட்புறம் இவ்வாறு காட்டப்படலாமா என்று சினந்தவர்கள் உண்டு. காட்டியது குற்றமா, அவ்வாறு இருந்தது குற்றமா? இவ்விருவரும் தடையை மீறி எழுதியதை நாம் இன்று பாராட்டுகிறோம். அதே தடைக்குள் ஒரு வரியும் எழுதாமல் முடிந்துபோன ஆற்றல்கள் எத்தனையோ! இன்று நம் பெண்கள் கல்லூரிகளில் பயில்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் நல்ல மாப்பிள்ளை வந்தவுடன் பாதியில் நிறுத்தப்படுவது இன்னமும் மகளின் படிப்பே, மகனின் படிப்பன்று.

இரு பெண் மக்களைப் பருவமடையும் வரை பேணி வளர்த்தவர் மறுமையில் தம்மோடு நெருங்கியிருப்பார் என்று அண்ணலார் விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள். அன்பளிப்பில் பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறும் கட்டளையிட்டார்கள். இவற்றை அறியாதவர் நம்மில் இல்லை. அடுத்த மீலாது மேடையில் பாலைவனத்துக் கதையைச் சொல்லி முடித்தபின், கைக்கூலி வாங்கிய திருமணங்களையும், தங்கையின் கையெழுத்தால் கைமாறிய வயல்களையும் பற்றிச் சொற்பொழிவாளர் ஐந்து நிமிடம் பேசட்டும். கூட்டம் அப்போது பெருமிதத்தோடு கலையாது. கலங்கிக் கலைந்தால் அதுவே பயன்.