விளக்கு சொல்லாத செய்தி: டீசல் காரின் கரி வடிகட்டி பற்றி

மோட்டார் கார் வாங்குவோருக்குக் கையேடு ஒன்றும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அதைப் படிப்பவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு, பிறர் ஓட்டிய டீசல் கார் ஒன்றை வாங்கிய எனக்கு அதைப் படிக்கும்படி நேர்ந்தது. வாங்கிய இரண்டாம் மாதமே முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணைய மறுத்தது. கையேட்டைப் புரட்டினேன். கரி வடிகட்டி அடைபட்டு வருகிறது என்றும், மணிக்கு 60 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும் என்றும், விளக்கு அணையாவிடில் நிறுவனத்தின் பழுது நிலையத்தை அணுக வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன. இயற்பியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கே, உள்ளே என்ன நிகழ்கிறது என்பது அவற்றால் விளங்கவில்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் அந்த விளக்கையும் பற்றியதே இக்கட்டுரை.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் துகள்களை வெளியிடலாகாது. துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கிலோமீட்டருக்கு 6×10¹¹, அதாவது அறுபதாயிரம் கோடி. இவ்வளவு பெரிய எண் எடையில் சில மில்லிகிராமுக்குள் அடங்கிவிடுகிறது என்பதிலிருந்தே ஒவ்வொரு துகளும் எத்துணை நுண்ணியது என்று வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். இந்த வரம்புக்குள் நிற்க வேண்டியே புகைக்குழாயில் வடிகட்டி பொருத்துகிறார்கள். கருவி நமக்குத்தான் புதிது. 2000ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் பெஜோ 607 காரில் இது இடம்பெற்றுவிட்டது.

விளம்பரத் தாள்களும் கையேடுகளும் இதனைச் சல்லடை என்றே வருணிக்கின்றன. முதல் பிழை அங்கேதான் தொடங்குகிறது. வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்குழாய்களில் ஒன்றுவிட்டு ஒன்று முன்புறமும், மற்றவை பின்புறமும் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே உள்ளே நுழையும் புகை, துளைகள் நிறைந்த சுவரை ஊடுருவித்தான் அடுத்த குழாய்க்குச் சென்று வெளியேற முடியும். அச்சுவரின் துளைகள் 10 முதல் 20 மைக்ரான் அகலமுள்ளவை. கரித்துகள்களில் பெரும்பாலானவையோ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு எறும்பு வராது என்று நம்புவது போன்றது இது. சல்லடையாக இருந்தால் ஒரு துகள்கூட நிற்காது.

பின் எவ்வாறு நிற்கிறது? பள்ளியில் படித்த பிரௌனியன் இயக்கத்தை நினைவுகூர்க. வாயு மூலக்கூறுகள் மோதுவதால் நுண்துகள் நேர்கோட்டில் செல்லாமல் இங்குமங்கும் அலைகிறது. அலையும்போது துளையின் சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு ஒட்டியவை சேர்ந்து துளையின் வாயில் ஒரு கரிப்படலத்தை உண்டாக்க, அதன்பின் அப்படலமே வடிகட்டியாகிவிடுகிறது. புத்தம் புதிய வடிகட்டியைவிடச் சிறிது கரி படிந்தது மேலாக வேலை செய்யும் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உண்மை அதுதான்.

இப்படிச் சேரும் கரியை யாரும் கழற்றித் தட்டுவதில்லை. அங்கேயே எரித்துவிட வேண்டும். எனவே இக்கருவியைச் சல்லடை என்பதைவிட அடுப்பு என்பதே பொருந்தும். ஆக்ஸிஜனில் கரி விரைந்து எரிய 550° முதல் 650° செ. வரை வெப்பநிலை தேவை. டீசல் எஞ்சின் மிகுதியான காற்றுடன் இயங்குவதால் அதன் புகை அவ்வளவு சூடாவதில்லை. நகர நெரிசலில் 200° செ. அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. நெடுஞ்சாலையில் சூடு ஏறினால், புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு 250° செ.க்கு மேல் கரியைச் சிறிது சிறிதாக அரித்துத் தின்னும். அது போதாதபோது, கணிப்பொறி சிலிண்டரில் எரிதல் முடியும் தறுவாயில் சிறிது டீசலை மிகையாகப் பீச்சுகிறது. அந்த டீசல் வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து வெப்பத்தை ஏற்றுகிறது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் கரி எரிந்து தீரும். இடையில் எஞ்சினை நிறுத்தினால் அடுப்பு பாதியில் அணைந்துவிடும். அது மட்டுமன்று, பீச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் அளவுக் குச்சியில் மட்டம் குறையாமல் ஏறிவருமானால் மகிழ வேண்டாம். அது எண்ணெய் நீர்த்துப் போவதன் அடையாளம்.

என் வீட்டிலிருந்து கல்லூரி எட்டுக் கிலோமீட்டர். காரின் அடுப்பு மூட்டப்படுவதும், நான் கல்லூரி வாயிலில் சாவியைத் திருப்பி அதை அணைப்பதுமாக இரண்டு மாதம் கழிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது, காருக்குத் தெரியும். என் முக்கியக் குறைபாடு இதுதான்.

கார் இதனை எப்படி அறிகிறது? வடிகட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் இரு மெல்லிய குழாய்கள் இணைக்கப்பட்டு, அழுத்த வேறுபாடு அளக்கப்படுகிறது. இங்கு அளக்கப்படுவது கரியன்று, அழுத்தம். ஒரே அளவு கரியிருந்தாலும், புகையின் ஓட்டம் பெருகினால் அழுத்த வேறுபாடு பெருகும். வெப்பம் ஏறினால் வாயு விரிவதோடு அதன் பாகுநிலையும் கூடும் (எண்ணெய்க்கு நேர்மாறு), அதனாலும் பெருகும். பாதி எரிந்து நின்ற வடிகட்டியிலோ, சுவர்த் துளைகளில் இருந்த கரி முதலில் எரிந்து வழி திறந்துவிடுவதால், கரி மீதமிருந்தும் அழுத்தம் குறைவாகவே காட்டும். இத்தனையையும் ஈடுசெய்து, ஓடிய தூரம், செலவான டீசல் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு, கணிப்பொறி கரியின் எடையைக் கிராமில் மதிப்பிடுகிறது. குழாயில் வெடிப்போ நீரோ இருந்தால் கணக்கு முழுவதும் பிழைபடும். அழகான, ஆனால் ஐயத்துக்குரிய அளவீடு. இயற்பியல் மாணவன் ஒருவன் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்தால், விடையோடு பிழை வரம்பையும் எழுதச் சொல்வோம். என் காரில் விடையே மறைக்கப்பட்டு ஒரு விளக்கு மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் எரித்தல் முயற்சிகள் பல தோற்ற பிறகு.

அந்த விளக்கு இன்னொன்றையும் சொல்வதில்லை. எஞ்சின் எண்ணெயில் கால்சியம், துத்தநாகம் முதலியவற்றின் சேர்மங்கள் உள்ளன. எண்ணெய் சிறிதளவு எரியும்போது இவை சாம்பலாகி வடிகட்டியில் தங்குகின்றன. கரி எரியும், சாம்பல் எரியாது. அடைத்திருப்பது கரியா சாம்பலா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். விளக்கு இரண்டுக்கும் ஒன்றே. சாம்பல் குறைந்த எண்ணெயையே ஊற்ற வேண்டும் என்ற இன்றியமையாத செய்தி, என் கையேட்டில் நூறு பக்கம் தள்ளி, எண்ணெய்க் குறியீடுகளின் அட்டவணையில் காரணமின்றிக் கிடக்கிறது.

பழுது நிலையத்தில், “நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை” என்றார்கள். ஓரளவு உண்மையே. ஆயினும் எல்லாப் பழியையும் ஓட்டுபவர் மீது சுமத்துவது பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ ஆகிய 2,64,170 டீசல் வண்டிகள் பற்றிய வழக்கில், 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் இடைவிடாமல் ஓடும்போது அவற்றின் வடிகட்டி அமைப்பு சரிவர இயங்கவில்லை என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது. வினையூக்கியில் படிவு ஏற்பட்டு, பீச்சிய டீசல் எரியாமல், தேவையான சூடு கிட்டாமல், வெண்புகை வந்தது. இழப்பீட்டின் அளவு பற்றிப் பின்னர் மேல்முறையீடுகள் எழுந்தன. வேகமாக ஓட்டினால் எல்லாம் தீரும் என்ற கையேட்டு வாக்கியத்தை அந்த வண்டிகளின் உரிமையாளர்களிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சாலையோரப் பட்டறை ஒன்று எனக்கு எளிய வழி காட்டியது. பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, கணிப்பொறியின் நிரலை மாற்றிவிட்டால் விளக்கே வராதாம். புதிய வடிகட்டியின் விலையில் சிறு பகுதிதான் செலவாம். ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் டீசல் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் 2012 ஜூனில் சேர்த்துவிட்டது. பகலெல்லாம் புகையில் நிற்பவர் என் தெருமுனையில் காய்கறி விற்கும் அம்மா. காரின் சன்னலை ஏற்றிக்கொள்பவன் நான். உடைத்த வண்டியும் நம் புகைச் சோதனையில் தேறிவிடக்கூடும் என்பது இன்னும் கவலைக்குரியது. நம் சோதனை புகையின் ஒளிபுகா அளவைப் பார்க்கிறது. எஞ்சின் நல்ல நிலையிலிருந்தால் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவே. ஜெர்மனியில் 2023 ஜூலை 1 முதல் இத்தகைய புதிய தர டீசல் வண்டிகளில் துகள்களையே எண்ணுகிறார்கள். கன சென்டிமீட்டருக்கு 2,50,000 என்பது வரம்பு. அக்கருவி வைத்த இடத்தில் உடைத்த வடிகட்டி ஒளிந்துகொள்ள முடியாது.

நான் பழுது நிலையத்தில் கட்டாய எரிப்பு செய்வித்துக் கொண்டேன். பின்னர், ஓட்டுநர் முழங்காலருகே உள்ள பதினாறு முனைச் செருகுவாயில் பொருத்தும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். அது கைப்பேசியில் கரியின் எடை, அழுத்த வேறுபாடு, வெப்பநிலை மூன்றையும் காட்டுகிறது. ஒரு ஞாயிறன்று புறவழிச்சாலையில் 21 கிராம் கால் மணி நேரத்தில் 4 கிராமாக இறங்கியதை, நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்லக் கேட்டேன். சில நிறுவனங்கள் சில வண்டிகளில் இவ்வெண்ணை முகப்பிலேயே காட்டுகின்றன. மற்றவர்களுக்கு என்ன தடை என்று விளங்கவில்லை. எண் உள்ளே இருக்கிறது; காட்டச் செலவுமில்லை.

கருவி இல்லாதவர்க்கும் சில குறிகள் உண்டு. நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட விரைந்து சுழலுதல், நிறுத்திய பின்னும் விசிறி உரக்க ஓடுதல், சூடான வீச்சம் ஆகியவை அடுப்பு எரிவதைக் காட்டும். அப்போது இன்னும் பத்து நிமிடம் ஓட்டுவதே நலம். காய்ந்த வைக்கோல் மீது அந்நேரத்தில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் ஓட்டுநர் இதைக் கேட்டுவிட்டு, “ஐயா, இத்தனை நாள் வண்டி ரிப்பேர்னு நெனச்சு அப்பவே நிறுத்திடுவேன்” என்றார். அவருக்காக இந்தக் குறிகளைத் தமிழில் நான்கு வரியாக எழுதிக் கொடுத்தேன். கையேட்டின் உறைக்குள் அதை வைத்திருக்கிறார்.