பாட்டுடைத் தலைவியும் பாடியவளும்

அக்டோபர் ஜெபமாலை மாதம். சரவணம்பட்டியில் எங்கள் அன்பியம் வீடுவீடாகக் கூடும். சென்ற ஆண்டு ஒரு திங்கள்கிழமை, கணவனிடம் அடிவாங்கி வந்திருந்த பெண்ணிடம் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "மாதா மாதிரிப் பொறுமையா இரு கண்ணு." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது.

எந்த மாதா? அன்று நாங்கள் சொன்னது மகிழ்ச்சி மறையுண்மைகள். அவற்றில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. அந்தச் சந்திப்பில்தான் மரியா பாடுகிறாள் (லூக்கா 1:46–55). அரியணைகளில் இருந்தவர்கள் இறக்கப்படுவதையும், பசித்த வயிறுகள் நிறைவதையும், செல்வர் வெறுங்கையோடு போவதையும் பாடுகிறாள். குருக்களும் கன்னியரும் இப்பாடலை நாள்தோறும் மாலைச் செபத்தில் சொல்கிறார்கள். வீட்டுப் பெண்களின் ஜெபமாலையோ அந்த இடத்தைத் தொட்டும், பாடலைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா மீது வீரமாமுனிவர் பாடிய 'திருக்காவலூர்க் கலம்பக'த்தில் அவள் பாட்டுடைத் தலைவி. லூக்காவில் அவளே பாடுகிறவள். நம் பக்தி தலைவியை வைத்துக்கொண்டு, பாடியவளை மறந்தது.

அன்றாட விசுவாசத்துக்கு மரியா முன்மாதிரி என்பதை நான் மறுக்கவில்லை. வானதூதரிடமே கேள்வி கேட்டபின்தான் அவள் சம்மதித்தாள். பிறகு மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போய், உறவுக்காரப் பெண்ணின் வீட்டில் மூன்று மாதம் தங்கினாள். பொறுமைக்கு அவளைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இதையும் சொல்லட்டும்.

அந்தப் பெண் அன்றிரவு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அதுவும் மாதா போன வழிதான்.