மகமை எங்கே, கோச் சார்?

இரண்டு நாள் வகுப்பு. ஏ.சி. ஹால், பவர்பாயிண்ட், மதியம் பஃபே, கடைசியில் சர்டிஃபிகேட். நேற்றுவரை டார்கெட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மேனேஜர், இன்று முதல் லட்சியத் தலைவர்! லாபத்தோடு ஊருக்கும் நல்லது செய்கிற தொழிலை உருவாக்க, பல கம்பெனிகளில் இப்படித்தான் 'லீடர்ஷிப் கோச்சிங்' நடக்கிறது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பர்மாவில் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் பயிற்சி வருஷக்கணக்கில் நடந்தது. சின்ன வயசில் போகிறவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழகவேண்டும். தேறினால் அடுத்தாள். அதற்கும் பிறகுதான் கடையையே நம்பி ஒப்படைக்கும் மேலாள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை ரங்கூனில் நடக்கும். நடுவில் இருந்ததெல்லாம் கடிதமும் கணக்கும் நாணயமும்தான்.

இன்னொன்று, மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு கோயிலுக்கும் தர்மத்துக்கும். மனசு வந்தால் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. மற்ற கணக்குகளைப் போல அதுவும் பேரேட்டில் ஏறிவிடும். கொடுத்துப் பழகிய அந்த மண்ணில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இன்றைக்கும் காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறது.

அப்படியானால் பழைய முறைக்கே போய்விடலாமா? அவசரப்படாதீர்கள்.

1930-களில் உலகம் முழுக்க மந்தம். நெல் விலை விழுந்தது. கீழ்ப் பர்மா விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவிகிதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 25 சதவிகிதம். ஆசைப்பட்டு வாங்கியதில்லை, வராத கடனுக்கு வந்தது. வாஸ்தவம்தான். நிலத்தை இழந்தவனிடம் இந்த வித்தியாசத்தை யார் சொல்வது? வெறுப்பு முற்றியது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் சுதந்திர பர்மா, நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தலைமுறைகள் சேர்த்தது போயே போச்சு.

பயிற்சியில் குறை சொல்ல முடியாது. மகமையும் தவறாமல் ஏறியது. ஆனால், எதிரே உட்கார்ந்து கடன் வாங்கியவன் தாங்குவானா என்று கேட்க அந்தப் பேரேட்டில் இடமில்லை.

இன்றைய கோச்களையும் இதைத்தான் கேட்கவேண்டும். உங்கள் வகுப்பு முடிந்தபிறகு கம்பெனிக் கணக்கில் எந்த வரி மாறும்? சின்ன சப்ளையரின் பாக்கி, சட்டம் சொல்கிற 45 நாளுக்குள் போய்ச் சேருமா? ஆலைக் கழிவைச் சுத்தம் பண்ணும் செலவு பட்ஜெட்டில் ஏறுமா?

பதில் இருந்தால் சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டுங்கள். இல்லையா? 'பஃபே பிரமாதம்' என்று ஃபீட்பேக் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்!