நமத்த பட்டையும் நனையாத குச்சியும்

நீர் புகாத தீக்குச்சி என்று விற்கிறார்களே, அந்தக் குச்சியில் நீர் புகாத இடம் எது? வாங்குகிறவர்கள் இதை அநேகமாகக் கேட்பதில்லை. மலையேறுகிறவர்களின் சாமான் பட்டியலில் கத்தி, கயிறு, டார்ச்சோடு இதுவும் சேர்ந்துவிட்டது. அகஸ்தியர்கூடம் ஏற அனுமதிச் சீட்டு கிடைத்ததும் இதற்கு ஆர்டர் போடுகிறவர்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் உண்டு. இந்தக் கேரள-தமிழக எல்லையோரத்தில் மழை ஒன்றல்ல, இரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்குகிறது. அக்டோபரில் அதன் ஈரம் காய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஆண்டில் பாதி நாள் அடுக்களைத் தீப்பெட்டியே நமத்துக் கிடக்கும் ஊர்களில் இந்தக் குச்சி தேவைதான். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் மலையேறுகிறவரின் பை அல்ல என்று நினைக்கிறேன்.

குச்சியின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கலாம். இரண்டு ரூபாய்ப் பெட்டியில் இருக்கும் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், இவற்றைப் பிடித்து வைக்கும் பசை ஆகியவை இருக்கின்றன. சிவப்புப் பாஸ்பரஸ் தலையில் கிடையாது, பெட்டியின் பக்கத்துப் பட்டையில்தான் இருக்கிறது. ஸ்வீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844இல் இப்படி இரண்டையும் பிரித்தார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாளரின் தாடை எலும்பைத் தின்ற வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளுக்கு அது விடை கொடுத்தது, இந்தியாவிலும் 1913இல் சட்டம் போட்டு அவற்றைத் தடுத்தார்கள். அந்தப் பிரிவினை மனித உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மழைக்காலத்தில் மட்டும் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. குச்சி காய்ந்திருந்தால் போதாது, பட்டையும் காய்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நமத்தாலும் தீ இல்லை.

ஈரம் பட்டால் பசை ஊறி இளகுகிறது. குளோரேட் தண்ணீரில் கரையும் உப்பு. குச்சி நன்றாக நனைந்துவிட்டால் அது தலையிலிருந்து கசிந்து வெளியேறுகிறது. அப்புறம் வெயிலில் காயவைத்தாலும் பழைய வீரியம் வராது. பட்டையின் கதி இதைவிட மோசம். நமத்த பட்டையில் ஒரு முறை அழுத்தி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வந்துவிடும், அடியில் வெறும் அட்டைதான் மிஞ்சும். பெட்டி நிறையக் குச்சி இருந்தும் பற்றவைக்க வழியில்லாமல் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நீர்புகாக் குச்சியின் பலமும் குறையும் இங்கேதான் பிரிகின்றன. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளின் மழையில் போரிட்ட அமெரிக்கப் படைகளுக்காக, டயமண்ட் மேட்ச் கம்பெனியின் ரேமண்ட் கேடி 1940களில் ஒரு பூச்சை உருவாக்கினார். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்த குச்சியும் அதனால் பற்றியது. இன்று விற்கும் நல்ல ரகங்களும் தலையை அப்படியே காக்கின்றன. புயல் குச்சி என்று விற்கும் ரகத்தில் மருந்து தலையோடு நிற்காமல் பாதிக் குச்சிவரை இறங்கியிருக்கும். எரியத் தேவையான ஆக்சிஜனை அந்த மருந்தே தருவதால் காற்று அதை எளிதில் அணைக்காது. பற்றிய குச்சியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாலும் சில ரகங்கள் மறுபடி எரிகின்றன. உண்மையான திறமை இது, குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் காவல் எல்லாம் குச்சிக்கு மட்டும். கூட வரும் பட்டை பெரும்பாலும் அட்டைமேல் பூசிய அதே பழைய பட்டைதான், அது நனைந்தால் விலை உயர்ந்த குச்சியும் விறகுச் சிராய்தான். வாங்கியதும் ஒரு குச்சியை இரவு முழுவதும் தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் துடைத்து உரசிப் பாருங்கள். பட்டையின் ஓரத்தையும் கொஞ்சம் நனைத்து உரசிப் பாருங்கள். உறையில் அச்சடித்திருப்பதைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

நம் கடைகளில் கிடைக்கும் மெழுகுத் தீக்குச்சியைப் பலர் நீர்புகாக் குச்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். மெழுகு ஏறியிருப்பது காம்பில் மட்டும், தலை மருந்து வழக்கமானதுதான். வீட்டிலேயே மெழுகுவர்த்தியை உருக்கிக் குச்சித் தலையை முக்கி எடுக்கும் முறைக்குச் செலவு கிடையாது, ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் உரசும்போது அந்த மெழுகு பட்டையில் படிந்து வழுக்கும், நாலு குச்சிக்குப் பிறகு பட்டை செத்துவிடும். உரசுவதற்கு முன் நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டால் இதைத் தவிர்க்கலாம், நடுங்கும் ஈரக் கைக்கு அது சுலபமல்ல. நகப்பூச்சு இன்னும் கெட்டியாக ஒட்டும். தடித்துப்போனால் உரசல் மருந்தை எட்டாது, கீறல் விட்டால் ஈரம் உள்ளே போய்விடும். மெழுகை நேரடித் தீயில் உருக்கவே கூடாது. கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்குவதுதான் முறை.

இனி மலைக்கு வருவோம். நெய்யாறு பிறப்பது அகஸ்தியர்கூடத்தில், உயரம் 1868 மீட்டர். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக ஏறும் பயணத்தை வனத்துறை அனுமதிப்பது பொதுவாக ஜனவரிமுதல் மார்ச்வரைதான். மழைக்காலத்தில் காடு மூடியிருக்கும். திறக்கும்போது புல் காய்ந்து, சருகு உதிர்ந்து கிடக்கும். நீர்புகாக் குச்சிக்கு வேலை இருக்கும் பருவத்தில் மலையேற வழியில்லை, மலையேற வழியுள்ள பருவத்தில் காட்டுக்கு ஆபத்து ஈரத்தால் அல்ல, நெருப்பால். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும் எரியும் தீயை விட்டுச் செல்வதையும் தடுக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. காற்று அணைக்காத, நீரில் முக்கினாலும் மறுபடி எரியக்கூடிய குச்சியை அந்த மார்ச் மாதப் புல்லில் கைதவறவிட்டால் என்ன ஆகும்? பனிநாட்டுக் காடுகளுக்கு எழுதிய உயிர்காக்கும் பட்டியலை நம் மலைக்கு அப்படியே எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முகாமில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கின்ற பாதையில் குளிருக்குக் கம்பளியும் மாற்றுத்துணியும் போதும். வழி தவறினால் விசிலும் டார்ச்சும் உதவும்.

அப்படியானால் இந்தக் குச்சி வேண்டியது யாருக்கு? மழையில் மாட்டிக்கொள்ளும் வீடுகளுக்கு. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவத்தின் நடுவில், இந்த எல்லைக்கு வெகு அருகில் நடந்தது அது. மின்சாரம் போய், சாலை அறுந்து, கொட்டும் மழையில் ஒரு குடும்பம் ஒதுங்க நேர்ந்தால், குழந்தைக்கு வெந்நீர் வைக்கவும் ஈரத்துணி உலர்த்தவும் தீ வேண்டும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லும் அவசரப் பையிலும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கின்றன. வெள்ளறடை, அம்பூரி மலையடிவாரங்களிலும், நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் அந்தப் பையின் தேவை அதிகம். கடற்கரையில் கணக்கு வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் பூவாறு, பொழியூர்ப் பக்கத்து மீனவர்களையும் கடலில் சிக்கவைத்தது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இருக்கும் படகில் தீ துணையாகாது. அங்கே வேண்டியது நீர்புகா விளக்கும் தகவல் கருவியும்.

வீட்டுப் பையிலும் குச்சியை மட்டும் நம்பிவிட முடியாது, மழையில் முதலில் தோற்பது விறகுதான். புயல் குச்சி எரிவதே சில விநாடிகள்தான், அதற்குள் பிடித்துக்கொள்ளும் பொருள் கையில் இருந்தாக வேண்டும். ஃபெர்ரோ ராடு எனப்படும் பொறிக் கோல் எவ்வளவு நனைந்தாலும் துடைத்து உரசினால் பொறி தரும். அந்தப் பொறியைப் பிடிக்கவும் பஞ்சுபோல் காய்ந்த நார் வேண்டும், பழகிய கையும் வேண்டும். இந்த ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அடுப்பு முகட்டில் செருகிவைத்த கொதும்பு, சில்லாட்டை, தேங்காய் நார் எல்லாமே உடனே பிடிக்கும். ஓலைச் சூட்டு கட்டி இரவில் வழி நடந்த தலைமுறைக்கு இதெல்லாம் புதிதல்ல. ரப்பர்த் தோட்டக்காரர்கள் வீட்டில் ஒட்டுப்பால் இருக்கும். ஈர விறகையும் கொளுத்திவிடும் சூடு அதற்கு உண்டு, ஆனால் அந்தக் கரும்புகை நுரையீரலுக்கு நஞ்சு. அடைத்த அறையில் அதைத் தொடவே கூடாது.

அந்த வீட்டுப் பைக்கும் என் தேர்வு, ஈரம் புகாமல் அடைத்த சாதாரணக் குச்சிதான். 2021 டிசம்பர்முதல் பெட்டி இரண்டு ரூபாய். திருகு மூடியுள்ள மாத்திரைக் குப்பி ஒன்றில் குச்சிகளைப் போட்டு, புதுப் பெட்டியிலிருந்து வெட்டிய பட்டையைத் தாளில் சுற்றித் தனியாகச் செருகலாம். குச்சித் தலை பட்டையில் படக் கூடாது, அசைவில் உரசிவிடும். ஈரம் இழுக்க வறுத்த அரிசி ஒரு சிட்டிகை போதும். இன்னொரு குப்பியில் மெழுகு தோய்த்த பஞ்சு. ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் பட்டையை மாற்றினால் ஆண்டு முழுதும் தீ கைக்குள் இருக்கும். பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கும் பெட்டியும் மூடாத பையில் கிடந்தால் இந்த அளவு உதவாது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தொழிலகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் இது. கேரளத்தில் வளரும் மட்டி போன்ற மென்மரங்களும் அங்கே குச்சியாகின்றன. தலைக்கு இன்னொரு பூச்சு தேடுவதைவிட, பிளாஸ்டிக் உறையில் மூடிய உரசும் பட்டையை மட்டும் ஒரு ரூபாய்க்குத் தனியாக விற்கலாம். களியக்காவிளையிலும் பனச்சமூட்டிலும் மழைக்கு முன்பே அது விற்றுத் தீரும்.