பதுளைக்கு இரண்டு இரவு

கொலன்னாவையிலிருந்து நீண்ட வார இறுதிக்கு மலைநாட்டுக்கு வெளிக்கிடும் தம்பதிகளில் அநேகர் எல்லவில் இறங்கிவிடுகிறார்கள். ரயில் அங்கே முடிவதில்லை; தெமோதரை, ஹாலி எல தாண்டிப் பதுளைக்குப் போகிறது. 1924இல் தண்டவாளம் எட்டிய கடைசி நிலையம் அது, ஊவா மாகாணத்தின் தலைநகரும்கூட. உல்லாசப் பயணிகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மனைவியும் நானும் அங்கே தங்கிவந்த பிறகு, அந்தப் புறக்கணிப்பு நியாயமா என்று பேசிக்கொண்டோம்.

பதுளைக்கு எதிரான வாதங்கள் பலமானவை. கோட்டையில் விடியற்காலை ஏறினால் போய்ச்சேர ஏறத்தாழ பத்து மணித்தியாலம். ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலைச்சரிவு தெரியும் விடுதிகள் எல்லவில்தான் அதிகம். சாப்பாட்டிலும் எல்லவில் தெரிவு கூட.

ஆனால் காட்சியை வைத்தே எல்லவுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. எல்லோரும் படமெடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது. எல்லவில் இறங்குபவர் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பதுளைக்குப் போகிறவர் அதன்மேலேயே போகிறார். அடுத்து, தெமோதரை நிலையத்தைக் கடந்த ரயில் வட்டமடித்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் வெளிவருகிறது. 60 மீற்றருக்கு மேல் உயரமான துன்ஹிந்த நீர்வீழ்ச்சியும் பதுளைக்குக் கிட்டத்தான்.

எங்களை அதிக நேரம் நிறுத்திவைத்தது புனித மாற்கு தேவாலயம். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மனிதருக்கு ஒரு கோயிலே எழும்பியிருக்கிறது. சுற்றியுள்ள மலைகளைத் தேயிலையாக்கிய தமிழ்க் குடும்பங்களின் பெயர் ஒன்றையும் நகரத்தில் எந்தக் கல்லிலும் நாங்கள் காணவில்லை. மனைவிக்கு அது பெரிய கோபம், எனக்கும்தான். ஆனால் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் நிறைந்திருக்கிறார்கள். தமிழில் வழி கேட்டோம். தமிழிலேயே வழி சொல்லி, எந்த ஊர் என்றும் விசாரித்தார்கள். வந்துபோகிறவர்களை நம்பிப் பிழைக்காத ஊரில்தான் இந்த விசாரிப்பு கிடைக்கும். எல்லவின் பிரதான வீதியில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

காலத்தைப் பார்த்துப் போகவேண்டும். ஒக்டோபர் தொடங்கி வருடக் கடைசி வரையான மழையைத் தவிர்ப்பதே புத்தி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இதே மாவட்டத்தில்தான். 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின்மேல் சரிந்ததை அறிந்த கொலன்னாவைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே இரவுதான் கையில் இருக்கிறதென்றால் பதுளை வேண்டாம். பயணமே நேரத்தைத் தின்றுவிடும். இரண்டு இரவு இருந்தால் எல்லவைவிடப் பதுளையே மேல். அறையைப் பதுளையில் எடுத்து, எல்லவுக்கு ஒரு காலைப்பொழுது போய்வந்தால் போதும்.