நான்கு வயல், பத்தாயிரம் பருவம்

பூதலூர்ப் பக்கம் சம்பா முற்றியதும், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டப்படி, ஊர் அளவில் ஒரு முக்கியப் பயிருக்கு இப்படிக் குறைந்தது நான்கு அறுப்புகள். அவற்றின் சராசரி உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால் இழப்பீடு.

நான்கை எவ்வளவு நம்பலாம்? வயலுக்கு வயல் திட்ட விலக்கம் உத்தரவாத மகசூலில் 20 சதவீதம் என்று கொள்வோம். நான்கின் சராசரியில் அது 10 சதவீதமாகும். மகசூல் மணி வடிவில் பரவியிருந்தால், உண்மையில் உத்தரவாதத்தில் 10 சதவீதம் இழந்த ஊர் ஏறக்குறைய ஆறில் ஒரு முறை ஒரு ரூபாய்கூடப் பெறாது. அறுப்பை எட்டாக்கினால் அது பதின்மூன்றில் ஒரு முறையாகக் குறையும். இதுவரை காகிதமே போதும். ஆனால் பள்ளக்காலில் தண்ணீர் நின்று சில வயல்கள் அடியோடு போகும்போது மணி வடிவம் நிற்காது. அங்கேதான் சிமுலேஷன் தேவைப்படுகிறது.

பத்தாயிரம் பருவம், பருவத்துக்கு நான்கு வயல். பைத்தான் லூப்பில் எழுதினால், நாற்பதாயிரம் முறையும் ஒவ்வோர் எண்ணையும் தனியாக எடுத்து, இன்ன வகை என்று பார்த்து, பிறகே கூட்டும். பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் முழு அட்டவணையும் வெக்டர் முறையில், ஒரே கட்டளையில் உருவாகிறது. எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து ஒரே வகையாகக் கிடக்க, ஏற்கெனவே இயந்திர மொழிக்கு மாற்றிய நிரல் அவற்றின்மேல் ஓடுகிறது. வேகம் பல மடங்கு கூடுகிறது. மிச்சமாகும் நேரத்தைவிட, கேள்வி கேட்கும் துணிச்சல் கூடுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அறுப்பு ஆறானால் என்ன, பள்ளக்கால் இரு மடங்கானால் என்ன என்று உடனுக்குடன் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வெற்றியை அப்படியே மேட்டூர் அணைக் கணக்குக்குக் கொண்டுபோனால் தவறு நேரும். அணையின் இன்றைய இருப்பு நேற்றைய இருப்பைப் பிடித்துக்கொண்டு வருவது. வரத்தைக் கூட்டி, திறப்பைக் கழித்து, கொள்ளளவான 93.47 டி.எம்.சி.க்கு மேல் போனதை உபரியாக விட வேண்டும். லூப்பே கூடாது என்ற பிடிவாதத்தில் ஆண்டு முழுவதையும் ஒரே திரள்கூட்டலில் போட்டு, கடைசியில் உச்சவரம்பை வைத்தால், ஆகஸ்டில் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போன தண்ணீர் ஜனவரியில் கணக்குக்குள் திரும்பி வந்துவிடும். கணினி பிழை என்று சொல்லாது. ஜூன் 12-இல் அணை திறக்க முடியுமா என்ற கேள்விக்கு, இல்லாத தண்ணீரை வைத்துப் பதில் வரும்.

நடவு நடும் பெண்களைப் பாருங்கள். வரிசையில் இருபது பேர் ஒரே நேரத்தில் நடுவார்கள். பின்னால் அடியெடுத்து வைப்பது மட்டும் ஒவ்வோர் அடியாகத்தான். அதுபோல, நாளுக்கு லூப், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு வெக்டர் என்று பிரித்தால் சுற்று 365-இல் நின்றுவிடும். வேகத்தில் பெரும்பகுதியும் கிடைத்துவிடும். எது எதைச் சாராதது என்று முதலில் பிரித்தறிவது நிரலாளரின் வேலை என்பதைவிடப் புள்ளியியலாளரின் வேலை.

எனக்கு அதிகம் அச்சம் தருவது வேறொன்று. பத்தாயிரம் மகசூல் ஒரு கிடைவரிசையாகவும், பத்தாயிரம் உத்தரவாத அளவு ஒரு நெடுவரிசையாகவும் இருக்கும்போது கழித்தால், நம்பை பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் என்று விரித்துவிடும். பத்துக் கோடி எண்கள், 80 கோடி பைட். நினைவகம் திணறினால் நல்லது, பிழை தெரிந்துவிடும். தாங்கிவிட்டால், ஒரு பருவத்தின் மகசூல் எல்லாப் பருவங்களின் உத்தரவாதத்தோடும் ஒப்பிடப்பட்டு, நம்பத்தக்க தோற்றத்தோடு ஓர் இழப்பீட்டுச் சராசரி வெளியே வரும்.

அதனால் மெதுவான லூப்பை நான் அழிப்பதில்லை. ஒரே சமவாய்ப்பு எண்களை லூப்புக்கும் வெக்டர் நிரலுக்கும் கொடுத்து, முதல் நூறு பருவங்களை ஒப்பிடுகிறேன். அந்த எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அட்டவணையை நிரப்பும் வரிசை மாறினாலே எண்கள் இடம் மாறிவிடும். காப்பீட்டுக் கணக்கைச் சரிபார்க்க வரும் வேளாண் அலுவலருக்கும், கணக்குக் கேட்கும் விவசாயிக்கும் விளக்கிக் காட்ட, அந்த லூப்பின் ஒவ்வொரு வரியும் உதவும்.