மறுபதிப்பு இல்லாத புத்தகம்

நாவல் எழுதுகிறவனிடம் போய் பஸ் நிலையத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது விசித்திரம்தான். ஆனால் சேலத்து நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். சின்னக்கடை வீதியில் காப்பி வாங்கிக் கொடுத்து, கையோடு அழைத்துப் போய், ஈரடுக்குப் பஸ் நிலையத்தின் முன்னால் நிறுத்தினார். "புத்தகங்களுக்கெல்லாம் மதிப்புரை எழுதுகிறீர்களே, இதையும் கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன்" என்றார்.

படித்துப் பார்த்தேன். சேலத்தின் பழைய பஸ் நிலையம் ஊரின் நடு மார்பில் இருப்பது. பக்கத்திலே கோட்டை, அருகே திருமணிமுத்தாறு, கூப்பிடு தூரத்தில் கோட்டை மாரியம்மன். வெளியூர் பஸ்கள் மெய்யனூருக்குக் குடிபோய் வெகு காலம் ஆன பிறகும், டவுன் பஸ்களுக்கு இதுதான் தாய்வீடு. 2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. பழைய நிலையத்தை இடித்தார்கள். வேலை முடியும் மட்டும் பஸ்கள் போஸ் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. ஏறத்தாழ 96 கோடி ரூபாய் செலவழித்து, 2023 ஜூனில் புதியதைத் திறந்தார்கள். மேலும் கீழுமாகப் பஸ்கள். கூடவே கடைகள், வண்டி நிறுத்த இடம். எல்லாம் ஒரே கட்டடத்தில்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பக்கவாட்டில் ஒரு சாண் இடமில்லாத ஊரில் உயரே போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்திய கேள்வி வேறு. இந்த மாதிரி ஒரு புத்தகத்தை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்க வேண்டியவர்கள் யார்?

நான் ஒரு நாவலை எழுதி முடித்தால், கையெழுத்துப் பிரதியை இரண்டு பேரிடமாவது கொடுக்கிறேன். ஒருவர், "உங்கள் கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் பசியோடு படுத்தாள், நாலாம் அத்தியாயத்தில் எழுந்திருக்கவே இல்லையே" என்பார். வெட்கத்தோடு திருத்துவேன். தப்பிப் போனது மறுபதிப்பில் சரியாகும். கட்டடத்துக்கு மறுபதிப்பு கிடையாது. ஒரு படிக்கட்டைத் தப்பான பக்கம் வைத்துவிட்டால், ஐம்பது வருஷத்துக்கு ஜனங்கள் அந்தப் பிழையில் ஏறி இறங்க வேண்டியதுதான்.

நமது சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று பார்த்தேன். 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம், ஊருக்கான திட்டத்தை வரைவாக வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வரைபடத்துக்கு. மஞ்சளும் நீலமுமாகச் சாயம் பூசிய படத்தைப் பார்த்து, தன் கடைக்கு எதிரே என்ன எழும்பப் போகிறது என்று எந்தத் தையற்காரர் கண்டுபிடிப்பார்? தனிக் கட்டடம் என்று வரும்போது, மனு போடுகிறவருக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் விவகாரம் முடிந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் சொல்வது, அஸ்திவாரம் தோண்டுகிற இயந்திரம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஏற்பாடு இருந்தது, வாஸ்தவம். ஊருக்கு என்னென்ன வேண்டும் என்பது ஒரு கேள்வி. படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது இன்னொரு கேள்வி.

அலுவலகம் எதைப் பரிசீலிக்கிறது? 2019-ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டினால், அளவுகள்தான். சாதாரணமாக மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளம் எழுப்பலாம். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம், விதி வேறு. சுற்றிலும் இவ்வளவு காலியிடம், வண்டி நிறுத்த இவ்வளவு. எல்லாம் அவசியம், தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டாமா? ஆனால் எத்தனை அடி என்று கேட்கிற அந்தப் படிவத்தில், யாருக்கு என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

அதே விதிகளில் 'கலப்புக் குடியிருப்பு' என்றொரு வகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அம்மாபேட்டையில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளுக்கு இது புதுச் செய்தியா? கீழே கடை, மேலே குடித்தனம் என்பது நம் கடைவீதிகள் யாரிடமும் கற்றுக்கொள்ளாத பாடம். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் 1961-ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பலவகைத் தொழில் கலந்தால்தான் வீதிக்கு உயிர் என்றார். கூடவே, பழைய கட்டடங்களின் குறைந்த வாடகையில்தான் சிறு தொழில் பிழைக்கும் என்றும் எச்சரித்தார். நம் ஊரிலும் இதுதான் நெருக்கடி. புதுக் கட்டடத்தில் கடைகள் ஏலத்துக்கு வருகின்றன. பனமரத்துப்பட்டி அரளியைக் கூடையில் வைத்து விற்கிறவளால் செல்போன் கடைக்காரரோடு ஏலம் கேட்க முடியுமா?

"எல்லாரையும் கேட்டால் காரியம் நடக்குமா, ஐயா?" என்றார் நண்பர். நியாயமான கேள்வி. எல்லாரும் வேண்டாம். 1914-15-ல் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காத்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் தாவரவியல் பேராசிரியர். கோடு போட்டு இடிக்காதீர்கள், முதலில் தெருத் தெருவாக நடந்து நோயைக் கண்டுபிடியுங்கள் என்பது அவர் வைத்தியம். தஞ்சாவூருக்கு அப்படித்தான் யோசனை சொன்னார். அவர் சொன்னது காகிதத்தில் நின்றது; 1920-ல் சட்டம் வந்தது.

வழி இப்போதும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில், நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊர் நடுவில் எழும்புகிற பொதுக் கட்டடத்தின் வரைபடத்தை அந்தக் குழு முன்னால் ஒரு மாதம் விரித்து வைத்தால் போதும். தடுக்கிற அதிகாரம் வேண்டாம். படிக்கிற உரிமை போதும். வெயில் எந்த மணிக்கு எந்தப் பக்கம் விழும், இறங்குகிற ஜனம் எந்த மூலையில் திரும்பும் என்பதெல்லாம் கூடைக்காரிக்குத் தெரியும். நாள் முழுதும் அங்கே நிற்கிறவள் அவள்.

மதிப்புரை கேட்ட நண்பருக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். காப்பி நன்றாக இருந்தது. அந்தக் கடைக்கு ஒரே குறை, அது மிகவும் பழைய கட்டடத்தில் இருக்கிறது. அதனால்தான் அது இன்னும் இருக்கிறது.